குடிக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயத்தைக் கேட்டதும் வானொலியின் சத்தத்தைக் குறைக்கிற வீடுகள் சில இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வீடுகளை நினைத்துத்தான் இந்த உரையை எழுதினேன். தகப்பனோ தாயோ குடிக்கு அடிமையாகிப் போன வீட்டில் ஒரு பிள்ளை எப்படி வளர்கிறது, வளர்ந்த பிறகு எதைத் தன்னோடு கொண்டு போகிறது, அதிலிருந்து வெளியே வரலாமா என்பதுதான் விடயம். நானும் அப்படியான ஒரு வீட்டில், இதே லண்டன் மாநகரத்தில், வளர்ந்தவள்.

கொண்டாட்டத்துக்குப் போய் ஒரு கிளாஸ் எடுக்கிற எல்லோரையும் இதற்குள் நான் இழுக்கவில்லை. ஆனால் அளவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருப்பதை ஒருமுறை கணக்குப் பார்ப்பது நல்லது. பிரித்தானியாவின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் வெளியிட்ட அறிவுரைப்படி, ஆணோ பெண்ணோ, வாரத்துக்கு 14 யூனிற்றுக்கு மேல் போகக்கூடாது. 70 சென்ரிலீற்றர் விஸ்கிப் போத்தில் ஒன்றில் 28 யூனிற் இருக்கிறது. அதாவது அரைப் போத்திலோடு ஒரு வாரத்துக் கணக்கு முடிந்துவிடும். எங்கள் கொண்டாட்டங்களில் அரைப் போத்தில் எத்தனை மணித்தியாலத்துக்குக் காணும் என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் அப்பா கெட்ட மனுசன் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. 1983 ஜூலைக்கு முன்னர் அவர் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். கலவரத்தில் வாடகைக்கு இருந்த அறை எரிந்து போனது. அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவரிடம் இருந்தது உடுத்தியிருந்த சாரமும் சேட்டும் மட்டும்தான் என்று அம்மா சொல்லுவா. 1986இல் லண்டனுக்கு வந்தார். எங்களைக் கூப்பிட 1991 ஆனது. இடையில் அந்த ஐந்து வருடமும் ஓர் அறையில் நாலு பேராக இருந்து, இரவில் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை செய்து, விடியப்புறம் வந்து நித்திரைக்காக ஒரு கிளாஸ். அங்கே தொடங்கியதுதான்.

ஊரில் குடி இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் எங்கள் பேரன்மார் காலத்தில் தவறணைக்குப் போய், பிளாவில் கள்ளு வாங்கிக் குடித்துவிட்டு, அந்த மணம் போகும்வரை ஒழுங்கையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தவர்களே கூட. குடி வீட்டுக்கு வெளியே இருந்தது. மீறினால் கண்டிக்க ஒரு பெரியப்பாவோ மாமனோ பக்கத்து வளவில் இருந்தார். இங்கே வந்த பிறகு போத்தில் அலுமாரிக்குள் வந்துவிட்டது, பெரியப்பா வேறு நாட்டில் இருக்கிறார். குளிருக்குக் கதவு யன்னல் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் நடப்பது பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும்.

போரையும் அகதி வாழ்க்கையையும் கண்டவர்கள் அந்த நினைவை அமத்துவதற்காகக் குடியை நாடுவதைப் பற்றி மனநல மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்கள் மக்களின் மனக்காயங்களைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். அப்பா ஏன் குடித்தார் என்பதை விளங்கிக்கொள்ள அப்படியான எழுத்துக்கள் எனக்கு மிகவும் உதவின. ஆனால் ஒன்று, நேயர்களே. 1983இல் அப்பாவுக்கு என்ன நடந்தது என்பது எனக்கும் தம்பிக்கும் நடந்ததற்குக் காரணமாக இருக்கலாம். அது நியாயமாகாது. எங்கள் சமூகத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். "பாவம், அவர் பட்ட கஷ்டத்துக்குக் குடிக்கிறார்" என்று சொல்லும்போது, அடுத்த அறையில் போர்வைக்குள் விழித்திருக்கிற பிள்ளை அந்தக் கணக்கில் வருவதில்லை.

அந்தப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லுகிறேன். அது சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்பாவின் திறப்பு கதவுப் பூட்டுக்குள் ஒரே தடவையில் போனால் அது நல்ல இரவு. இரண்டு மூன்று தரம் தட்டுப்பட்டுச் சுரண்டினால் உடனே ரீவியை நிற்பாட்டி, தம்பியை அறைக்குள் அனுப்பி, மேசையில் உடையக்கூடிய கோப்பை இருந்தால் எடுத்து வைத்துவிட வேண்டும். படியில் கால் வைக்கிற விதத்தில், சப்பாத்தைக் கழற்றுகிற விதத்தில், "பிள்ளை" என்று கூப்பிடுகிற குரலின் நீளத்தில் எத்தனை கிளாஸ் என்று எனக்குச் சொல்லத் தெரியும். பத்து வயதில் இந்தப் படிப்பில் நான் கெட்டிக்காரி. அப்பா அடித்தது குறைவு. அடியை விடப் பெரியது, இன்றைக்கு எந்த அப்பா வருவார் என்று தெரியாமல் இருப்பது. சில நாள் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வருவார். சில நாள் சாப்பாட்டுக் கோப்பை சுவரில் போய் உடையும். அடுத்தநாள் காலையில் அம்மா சுவரைத் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல எங்களுக்குத் தலை இழுத்துவிடுவா. நாங்களும் ஒன்றுமே நடக்காதது போலப் பள்ளிக்கூடம் போவோம்.

அகதியாக வந்த குடும்பங்களில் இன்னொரு சுமை இருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அப்பாவின் வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்து "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று சொல்ல வேண்டியது நான். அப்பாவுக்கு வயிற்றுநோ வந்தபோது வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போனதும் நான். வாரத்தில் எவ்வளவு குடிப்பீர்கள் என்று வைத்தியர் கேட்டார். "சும்மா சனி ஞாயிறில எண்டு சொல்லு" என்றார் அப்பா. ஒரு பத்து வயதுப் பிள்ளை அந்த இடத்தில் எதைச் சொல்லும்? தகப்பன் சொன்னதைத்தான் சொல்லும். இதை இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு ஒரு தகவல்: இங்கிலாந்தில் வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், அதற்குக் காசு இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அமெரிக்காவில் குடும்ப ஆலோசகராக இருந்த குளோடியா பிளாக் என்ற பெண்மணி 1980களின் தொடக்கத்திலேயே இப்படியான வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே எழுதாத மூன்று சட்டங்கள் உண்டு என்பது அவருடைய கருத்து: வாய் திறப்பதில்லை, ஒருவரையும் நம்புவதில்லை, தனக்குள் என்ன நடக்கிறது என்று உணர்வதுமில்லை. இதை வாசித்தபோது, யாழ்ப்பாணத்துக்கே வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று எனக்குத் தோன்றியது. எங்களிடம் நாலாவது சட்டமும் இருக்கிறதே, "சனம் என்ன சொல்லும்" என்று.

உண்மையில் சனத்துக்கு எல்லாம் தெரியும். மண்டபத்தில் அப்பாவின் கிளாஸ் வெறுமையாக முன்னரே "மச்சான், இன்னும் ஒண்டு போடு" என்று ஊற்றியவர்களுக்குத் தெரியும். நிற்க முடியாத மனுசனின் கையில் கார்த் திறப்பைக் கொடுத்து, பின் சீற்றில் எங்களை ஏற்றி அனுப்பியவர்களுக்குத் தெரியும். வழியில் நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ரோட்டுச் சிவப்பு விளக்குகளை எண்ணுவேன். இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு மண்டபத்தின் மூலையில் பார் வைக்கிற வழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என்னால்தான் அப்பா குடிக்கிறார் என்று கன காலம் நம்பியிருந்தேன். கணக்கில் புள்ளி குறைந்த ஒருநாள் உறவுக்காரர் ஒருவர் "உன்னை நினைச்சுத்தான் பிள்ளை அப்பா இப்பிடி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது ஒரு வாய்வார்த்தை. எனக்கு அது ஆறு வருட வேலைத்திட்டம். நான் நன்றாகப் படித்தால் அப்பா நிறுத்திவிடுவார் என்று முடிவெடுத்தேன். 1998 ஓகஸ்ட் மாதம் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சை முடிவு வந்தது. நல்ல முடிவு. அப்பா சந்தோசத்தில் அழுதார். பிறகு அந்தச் சந்தோசத்துக்காக ஒரு முழுப் போத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிரவு எனக்கு ஒன்று தெளிந்தது: முடிவு கூடாமல் வந்திருந்தால் கவலையில் குடித்திருப்பார். எப்படி வந்திருந்தாலும் குடித்திருப்பார்.

அப்படியானால் என்னைக் காப்பாற்றியது எது? இதைத்தான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்கள் வீடு மேல்மாடி. கீழ் வீட்டில் வடமராட்சியைச் சேர்ந்த ஒரு அன்ரி இருந்தா. பெரிய படிப்பு இல்லை, துப்புரவு வேலைக்குப் போகிறவ. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது ஒருநாள் படியில் என்னைக் கண்டு, "பிள்ளை, எங்கட குசினி மேசை சும்மாதானே கிடக்குது. படிக்கிறதெண்டால் இங்க வந்து படி" என்றா. ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மேலே நடப்பதெல்லாம் கூரைக்குள்ளால் கீழே கேட்டிருக்கும் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்த மேசையில் நான் ஆறு வருடம் படித்தேன். அன்ரி பக்கத்தில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருப்பா, அல்லது வானொலி கேட்டுக்கொண்டிருப்பா. தேத்தண்ணி வரும். தம்பியும் சில நாள் வந்து மேசைக்குக் கீழே காரோட்டிக்கொண்டிருப்பான். புத்திமதி என்று ஒன்றும் சொன்னதில்லை. அப்பாவைப் பற்றி ஒரு சொல் குறைவாகச் சொன்னதில்லை. ஆனால் மேலே சத்தம் கூடினால், இரவு பத்து மணியானாலும், ஒரு கோப்பையில் ஏதாவது கறியை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவா. "தம்பி, கொஞ்சம் கூடச் சமைச்சுப் போட்டன்" என்று அப்பாவிடம் நீட்டுவா. அப்பாவுக்கு அன்ரி மேல் மரியாதை. வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்துவிடுவார். அந்தக் கறி பலதரம் அன்ரியின் அடுத்தநாள் சாப்பாடாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரே ஒருநாள் மட்டும், நான் மேசையில் தலையை வைத்து அழுதபோது, முதுகைத் தடவிவிட்டுச் சொன்னா: "இது உன்னால வந்ததில்லை பிள்ளை. உன்னால நிப்பாட்டவும் ஏலாது. நீ படி."

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் நாற்பது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல கஷ்டங்கள் ஒன்றாக விழுந்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் எந்தப் பெரிய பிரச்சினையும் இல்லாமல், அன்பும் பொறுப்பும் உள்ளவர்களாக வளர்ந்திருந்தார்கள். எப்படி என்று தேடியபோது திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விடயம், அந்தப் பிள்ளைக்கு நம்பக்கூடிய ஒரு பெரியவராவது இருந்தது. பேத்தியாராக இருக்கலாம், அயலவராக இருக்கலாம், ஓர் ஆசிரியராக இருக்கலாம். இளமையில் தடுமாறிப் போன மற்றவர்களிலும் பலர் முப்பது நாற்பது வயதுக்குள் வாழ்க்கையைச் சீர்செய்துகொண்டார்கள் என்பதும் அந்த ஆய்வில் வந்தது. நான் இதை வாசித்தபோது அன்ரியின் குசினி மேசையைத்தான் நினைத்தேன். கவாய் எங்கே, எங்கள் கீழ் வீடு எங்கே!

அப்பா குடியை நிறுத்தவில்லை. 2006இல் ஈரல் பழுதாகி, வயிற்றில் நீர் கட்டி, ஆஸ்பத்திரியில் காலமானார். அப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு "தம்பி சாப்பிட்டவனோ" என்று கேட்பார். வேறொன்றும் கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் "ஹார்ட் அற்றாக்காம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதை யார் முதலில் சொன்னது என்று தெரியாது. எங்களில் ஒருவரும் திருத்தவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எனக்குக் கலியாணம் நடந்தது. என் கணவர் குடிப்பவர் அல்ல. ஆனால் அவர் வேலையால் இருபது நிமிடம் பிந்தி வந்து, இருட்டில் திறப்பு பூட்டில் தட்டுப்பட்டால், என் கை குளிர்ந்து போகும். மகள் தொட்டிலில் நித்திரை, வீட்டில் ஒரு போத்திலும் இல்லை, ஆனாலும் நான் மேசையில் இருந்த கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன். யாரும் கொஞ்சம் உரத்துக் கதைத்தால் அது என்னோடு கோபம் என்று நினைப்பேன். ஓய்வாக இருக்கத் தெரியாது. ஒருவரிடம் உதவி கேட்கத் தெரியாது. இவை என் குணம் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வயதில் உயிர் தப்புவதற்காகப் பழகிய பழக்கங்கள் என்று எனக்குச் சொன்னது, குடும்ப வைத்தியர் மூலம் கிடைத்த ஓர் ஆலோசகர். இன்று இங்கிலாந்தில் இந்தப் பேச்சுச் சிகிச்சைக்கு வைத்தியர் அனுப்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நாங்களே நேரடியாகப் பதியலாம். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

அந்த ஆலோசகர்தான் என்னை அல்-அனன் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னார். குடிப்பவர்களுக்காக 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ. என்ற அமைப்பைப் பற்றிப் பலர் அறிந்திருப்பீர்கள். குடிப்பவரின் மனைவி, கணவன், பிள்ளைகள், பெற்றோருக்கு என்று 1951இல் உருவானது அல்-அனன். பதின்ம வயதினருக்காக அதற்குள்ளேயே 1957இல் அலாரீன் வந்தது. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை. ஒரு தேவாலய மண்டபத்தில் பத்துப் பேர் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். நான் மட்டும்தான் தமிழச்சி. இவர்களுக்கு எங்கள் வீட்டைப் பற்றி என்ன விளங்கும் என்ற எண்ணத்தோடுதான் இருந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து, தன்னுடைய தகப்பன் கதவைத் திறக்கும் சத்தத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அறுபது வருடத்துக்கு முந்திய சத்தம்!

அங்கே அடிக்கடி சொல்லுவார்கள்: இதை நீ உண்டாக்கவில்லை, உன்னால் கட்டுப்படுத்த முடியாது, உன்னால் குணப்படுத்தவும் முடியாது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கும். கீழ் வீட்டு அன்ரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு தமிழில் சொன்னதும் இதுதானே என்று எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

தகப்பனை மன்னித்தால்தான் உனக்கு நிம்மதி வரும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சிலருக்கு மன்னிப்பு வரும், சிலருக்கு வராது. என் தம்பிக்கு இன்னும் வரவில்லை, அவன் நல்ல மனிதனாகத்தான் இருக்கிறான். சின்னவனாக இருந்தபோது வீட்டில் சண்டை தொடங்கினால் கோமாளித்தனம் செய்து எல்லோரையும் சிரிக்க வைப்பது அவனுடைய வேலை. இன்றும் சபையில் அவன் இருந்தால் சிரிப்புத்தான். ஆனால் மதுவைத் தொடமாட்டான். "எனக்கு அப்பான்ர ரத்தம் அக்கா, பயமாயிருக்கு" என்றான் ஒருநாள். அவன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. குடிக்கு அடிமையாகும் ஆபத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரையால் வருகிறது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றப் பாதி பரம்பரையில் இல்லை. குடிகாரரின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் குடிகாரர் ஆவதில்லை.

இனி, இப்போது அப்படியான வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சில விடயங்கள். முதலாவது உயிரோடு சம்பந்தப்பட்டது. நாளாந்தம் கூடக் குடிக்கிற ஒருவரை "இன்றோடு நிப்பாட்டு" என்று சொல்லிப் போத்திலை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். கோயிலில் சத்தியம் பண்ணுவித்து ஒரே நாளில் நிறுத்த வைக்கிற வழக்கம் எங்களிடம் உண்டு. உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டால் திடீரென்று நிறுத்தும்போது நடுக்கம், வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற புத்தி மாறாட்டம் வரலாம். உயிரே போகலாம். கை நடுங்கி, வேர்த்து, வலிப்பு வந்தால் உடனே 999. வைத்தியரின் மேற்பார்வையில் சில நாட்களுக்குக் குளிசை கொடுத்து, பி1 விற்றமினும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்தலாம். அதற்குக் குடும்ப வைத்தியரிடம் போகலாம், அல்லது உங்கள் பகுதியிலுள்ள மதுச் சேவை நிலையத்துக்கு நேரடியாகவே போகலாம். டிரிங்க்லைன் இலக்கம் 0300 123 1110.

அடுத்தது, தாய்மாருக்கு. வெளியில் சொன்னால் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் எங்கள் அம்மா பதினைந்து வருடம் வாய் திறக்கவில்லை. விசாவில் பிரச்சினை வரும் என்று யாரோ வேறு பயமுறுத்தியிருந்தார்கள். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு விசா நிலை பார்க்கப்படுவதில்லை. 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின்படி, ஆபத்து இல்லாதவரை பிள்ளை தன் குடும்பத்திலேயே வளர உதவுவதுதான் உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. அடி, வெட்டு, உயிராபத்து என்று வந்தால் அது வேறு, அப்போது யோசிக்காமல் பொலிசைக் கூப்பிட வேண்டும்.

பிள்ளைகளே, நீங்களும் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்: சைல்ட்லைன் இலக்கம் 0800 1111. 1986இல் தொடங்கியது. இலவசம், தொலைபேசிக் கட்டணச் சீட்டில் அந்த இலக்கம் வராது. குடிக்கிற பெற்றோரின் பிள்ளைகளுக்கென்றே 1990இல் உருவான நகோவா என்ற அமைப்பின் இலக்கம் 0800 358 3456. இதற்கும் பெயர் சொல்லத் தேவையில்லை, என்னைப் போல வளர்ந்து பெரியவர்களானவர்களும் எடுக்கலாம். இந்த நாட்டில் ஐந்து பிள்ளைகளில் ஒருவர் அளவுக்கு மீறிக் குடிக்கும் பெற்றோரோடு வாழ்வதாக நகோவா சொல்கிறது. உங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வகுப்பில் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அயலவர்களுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும் மாமா மாமிமாருக்கும் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையிடம் "அப்பா வீட்டில குடிக்கிறவரோ" என்று துருவிக் கேட்காதீர்கள். ஒரு மேசை, ஒரு தேத்தண்ணி, கிழமையில் ஒரு பின்னேரம். அடிகாயம் கண்டாலோ பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ அதை மட்டும் உங்களோடு வைத்திருக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கோ மன்றத்துக்கோ சொல்லத்தான் வேண்டும்.

என் மகளுக்கு இப்போது பதின்நான்கு வயது. அம்மப்பா எப்படிச் செத்தவர் என்று போன வருடம் கேட்டாள். "கூடக் குடிச்சதால ஈரல் பழுதாகிச் செத்தவர்" என்று சொன்னேன். எங்கள் குடும்பத்தில் அந்த வசனத்தை ஒருவர் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா குசினிக்குள் நின்றா. கேட்டிருப்பா, ஒன்றும் சொல்லவில்லை. மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "குடிக்காத நேரம் அவர் எப்பிடி?" என்றாள்.

குடிக்காத நேரம் அவர் எங்களை நித்திரையாக்குவதற்கு யாழ்தேவியின் ஸ்ரேசன்களை வரிசையாகச் சொல்லுவார். காங்கேசன்துறையில் தொடங்கி, சுன்னாகம், கோண்டாவில், கொக்குவில் என்று ஒவ்வொன்றுக்கும் ரெயின் நிற்கிற சத்தத்தோடு. அனுராதபுரத்துக்கு முன்னரே தம்பி நித்திரையாகிவிடுவான், நான் கோட்டை வரைக்கும் போக வேண்டும் என்று கண்ணை விழித்துக்கொண்டிருப்பேன். அந்த ரெயில் பாதை போரில் போய், 2015 ஜனவரியில்தான் மறுபடி காங்கேசன்துறை வரைக்கும் ஓடத் தொடங்கியது என்று மகளுக்குச் சொன்னேன். அப்பா அதைப் பார்க்கவில்லை. மகள் அந்தப் பெயர்களை எழுதித் தரச் சொன்னாள். எனக்கு யாழ்ப்பாணம் வரைக்கும்தான் சரியாக ஞாபகம் இருந்தது, மிச்சத்தை அம்மா குசினிக்குள் இருந்து சொன்னா.